சம்பந்தியம்மாவுக்குக் காட்டிய குளிர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், லாட்ஜ் நலம், குளிருக்குத்தான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை, அதுவும் சீக்கிரம் தேறிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சௌக்கியமா, பயலுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போன் இருக்கும்போது எதற்கு அப்பா கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், விஷயம் கெட்டுப்போகிறது. உன் மாமியார் இங்கே வந்துவிட்டுப் போனதிலிருந்து வீடியோவில் நம் லாட்ஜ் பேச்சை எடுத்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்றும், கேட்டால் "உங்கப்பாவையே கேளு" என்கிறார் என்றும் சொன்னாய். சரி, நானே சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்லும் கதையில் பூனைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகிறது, அதை நம்பாதே.

இது உன் கல்யாணத்தன்று ஆரம்பித்த வினை. மண்டபத்தில் வெக்கை தாங்காமல் உன் மாமியார் பத்திரிகையாலேயே விசிறிக்கொண்டிருந்தார், பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை, "ஒரு தடவை எங்க மலைக்கு வாங்க சம்பந்தி, நடுக்கோடையில கூடப் பல்லு தந்தியடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டேனா, நம் வாசல் பலகையைப் பற்றியும் சொன்னேன். "மின்விசிறி தேவைப்படாத லாட்ஜ்" என்று நீ பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்த பலகை அது. லாட்ஜுக்குத் தளம் போடுகிற அன்று எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி, "ஃபேன் கொக்கி எங்கெங்க வைக்கணும் சார், இப்ப விட்டா அப்புறம் கூரையக் குடையணும்" என்று கேட்டான். இந்த ஊரில் ஃபேன் கேட்கிறவன் என் லாட்ஜுக்கே வர வேண்டாம், ஒரு கொக்கிகூட வைக்கக் கூடாது என்று மார்தட்டிச் சொன்னவன் நான். அதனால் எந்த அறையில் படுத்து அண்ணாந்து பார்த்தாலும் கூரை மொழுமொழுவென்று இருக்கும். கொக்கியில்லாத கூரைக்குக் கீழே வருகிற தூக்கமே தனி என்று வருகிறவர்களிடம் சொல்லுவேன், அவர்களும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள்.

அப்படிப்பட்டவனிடம் இந்தக் கோடையில் உன் மாமியார் போன் செய்து, "சம்பந்தி, பல்லு தந்தியடிக்கிறதப் பாக்க நாங்க ரெண்டு பேரும் வர்றோம்" என்றார். அவர் அங்கே பெண்கள் நடைப்பயிற்சிக் குழுவுக்குத் தலைவி என்பது உனக்குத் தெரியும், குளிர் நான் சொன்னபடி இருந்தால் வருஷா வருஷம் குழு மொத்தமும் நம் லாட்ஜுக்குத்தான் என்று வேறு சொன்னார். அதுகூட எனக்குப் பெரிதில்லை. நாளைக்கு நீ எதற்காவது வாக்குக் கொடுத்தால், "உங்கப்பா கொடுத்த குளிர் மாதிரியா" என்று உன்னைக் கொடுத்த வீட்டில் ஒரு சொல் வந்துவிட்டால் நீ முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாய், அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தூக்கம் கெட்டதற்குப் புழுக்கமும் ஒரு காரணம் என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

குளிர் குறைந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாமதமாக வருகிறது, சீக்கிரம் கிளம்பிவிடுகிறது, நடுவில் நினைத்தபோது லீவு போடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் சும்மா இருக்க முடியுமா. வியூ பாயிண்ட் போட்டோக்காரர் மூடுபனி வராத நாட்களுக்காக ஒரு பெரிய துணியில் மூடுபனியை அச்சடித்து வைத்திருக்கிறார், ஜனங்கள் அதற்கு முன்னால் தோளைக் குறுக்கி நடுங்குகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், காற்றடித்தால் மூடுபனியைத் துரத்திக்கொண்டு ஓடிப் பிடித்து வருகிறார். சால்வைக் கடைக்காரி அதே சால்வையை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்லி விற்கிறாள். பக்கத்து லாட்ஜ்காரர் எல்லா அறைக்கும் ஏசி போட்டுவிட்டார், அதிலிருந்து ஊருக்கெல்லாம் அவர் ஏசிக்காரர். அந்த மெஷின்கள் அத்தனையும் முதுகை நம் பக்கம் காட்டிக்கொண்டு சூடாக மூச்சு விடுகின்றன. அவரிடம் தங்குகிறவர்களின் உஷ்ணமெல்லாம் நம் வராண்டாவில் வந்து தங்குகிறது, வாடகை மட்டும் அவருக்கு. நம் பக்கம் புழுங்குவதைப் பார்த்து அடுத்த லாட்ஜும் ஏசி போட்டது, அதைப் பார்த்து அதற்கு அடுத்ததும் போட்டது. இப்போது தெருவில் நடந்தால் யாரோ வெந்நீர் அண்டாவைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது.

இதற்காக ஊர் வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம் போட்டோம். லாட்ஜ்காரங்க நாள் முழுக்க வெந்நீர் காய்ச்சினால் ஊர் கொதிக்காமல் என்ன செய்யும் என்றார் டாக்சிக்காரர்களின் தலைவர். வண்டியை நிறுத்தினாலும் இன்ஜினை நிறுத்தாதவங்க எங்களைச் சொல்ல வந்துட்டாங்க என்று ஏசிக்காரர் எகிறினார். கடைசியில் மலைப்பாதையில் கார்கள் வரிசை கட்டி நிற்பதால்தான் இவ்வளவு புகை, ஆகவே பாதையை அகலப்படுத்தினால் கார்கள் மளமளவென்று வரும், அதற்கு இருபுறமும் இருக்கிற மரங்களை வெட்டச் சொல்லி மனுக் கொடுப்பது என்று தீர்மானம் வந்தது. குளிரைக் கூட்டுவதற்கு மரத்தை வெட்டுகிறார்களே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது டீக்காரர் என்னைத் தாண்டிப் போனார், அவரைக் கூப்பிடக் கை தூக்கினேன், அதையும் ஓட்டாகச் சேர்த்து எண்ணிவிட்டார்கள். நம் வாசல் மரமும் அந்த வரிசையில் வருகிறது என்பது டீ குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

சரி, உன் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். வெயிலே படாத நாலாம் நம்பர் அறையை ஒதுக்கினேன். அதுவும் புழுங்கியது. ஏசி போட எனக்கு மனசு இடம் கொடுக்கவில்லை, ஃபேன் மாட்டக் கூரையில் கொக்கி இல்லை. யோசித்து யோசித்து, மீன்கடைக்காரரிடம் போய்ப் பாளம் பாளமாக ஐஸ் கட்டி வாங்கி வந்து, தொட்டிகளில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, போர்வையைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு மறைத்தேன். வாங்கும்போது ஒரு வாசனையும் இல்லை, அடக்கமாகத்தான் இருந்தது. உருக ஆரம்பித்த பிறகுதான் அது முன்பு பார்த்த உத்தியோகம் வெளியே தெரிந்தது. ஊதுபத்தி கொளுத்தினேன், அது மீனுக்கு மரியாதை செய்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. உன் மாமியார் இறங்கினார். ஸ்வெட்டர், அதற்கு மேலே இன்னொரு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், கையுறை, காலுறை. முகம் செக்கச் செவேலென்று இருந்தது, மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. "அப்பப்பா, என்ன குளிர் சம்பந்தி" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் மட்டும் சும்மாவா, குரங்குக் குல்லாயும் கம்பளிச் சால்வையுமாகப் போய் நின்றவன்தானே, எனக்கும் முதுகில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. உன் மாமனார், "எங்க..." என்று வாயைத் திறந்தார், உன் மாமியார் அவர் காலை நன்றாக மிதித்துவிட்டு, "எங்க ரூம் எதுன்னு கேக்குறார்" என்று முடித்தார். அதற்கப்புறம் உன் மாமனார் வாயே திறக்கவில்லை. உன் அம்மா மெல்லிய பருத்திப் புடவையில் நின்றபடி எங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அறைக்குப் போனால் ஜன்னல் கட்டை முழுக்கப் பூனை. இந்தத் தெருவில் இவ்வளவு பூனைகள் குடியிருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். என்ன சம்பந்தி இத்தனை பூனை என்று கேட்டார் உன் மாமியார், குளிருக்கு ஒதுங்குகின்றன என்றேன். பின்னால் ஒரு பூனை வெக்கை தாங்காமல் நான்கு காலையும் நீட்டி மல்லாந்து கிடந்தது, அதை அவர் பார்க்காத மாதிரி நின்று மறைத்துக்கொண்டேன். மத்தியானம் அவர்கள் படுத்த பிறகு ஐஸ் தொட்டி நிரம்பி, தண்ணீர் கதவுக்கு அடியில் கசிந்து, வராண்டாவில் நடந்து, முன்னறை வரைக்கும் வந்து சேர்ந்தது, கூடவே இரண்டு செதிலும். அப்போதுதான் அறை கேட்டு வந்த ஒரு ஆள், இது என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டார். "மாடியில பனி உருகுது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் போனைத் தூக்கிக்கொண்டு பனியைப் படமெடுக்க மாடிக்கு ஓடினார், மாடியில் நம் போர்வைகள்தான் காய்ந்துகொண்டிருந்தன.

அம்மா துடைப்பதற்குத் துணியோடு நாலாம் நம்பர் அறைக்குள் போனாள். போனவள் போனவள்தான். அன்றைக்கு மட்டுமில்லை, மறுநாளும் வேலை முடிந்ததோ இல்லையோ அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சம்பந்திகள் இவ்வளவு ஒட்டிக்கொண்டார்களே என்று நான் பூரித்துப் போனேன். பிறகு சமையல்காரரையும் காணோம், டீ கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சாயங்காலம் அறைக்குள்ளிருந்து உன் மாமியார் தும்முகிற சத்தம் கேட்டது, ஒன்றல்ல, தொடர்ந்து நாலைந்து தும்மல். உன் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குளிர் வேலை செய்கிறது என்று மூன்றாவது கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஸ்டூலின் மேல் ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் உன் மாமியார், உன் மாமனார், உன் அம்மா, நம் சமையல்காரர் நாலு பேரும் வரிசையாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வெட்டர்கள் நாற்காலியில் கிடந்தன. உன் மாமியார் மடியில் ஒரு பூனை வேறு. ஃபேன் மட்டும் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. காற்று குல்லாய்க்குள் நுழைந்தது. பொய் சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. எங்கிருந்து வந்தது இந்த ஃபேன் என்று கேட்டேன். வீட்டிலிருந்து கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாராம், ஏனென்றால் "அப்பா லாட்ஜ்ல கொக்கிகூடக் கிடையாது அத்தை, எதுக்கும் ஒரு ஃபேன் எடுத்துட்டுப் போங்க" என்று நீதான் யோசனை சொன்னாயாம். பெற்று வளர்த்த பெண்ணே உளவு சொன்னால் அப்பன் யாரை நம்புவது.

நான் கம்பளியோடு நின்றுகொண்டிருந்தேன். என் சொல் பொய்யாகிவிட்டது, மன்னித்துவிடுங்கள் சம்பந்தி, இதை வைத்து என் பெண்ணை மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டேன். உன் மாமியார் எழுந்து வந்துவிட்டார். "குளிர் என்ன நீங்க சமைச்சு வச்ச சாப்பாடா, தீந்துபோச்சுன்னு நீங்க தலைகுனியறதுக்கு. உங்க பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு, அவள யாரு சொல்லுவா. உங்க ஆசையக் கெடுக்கக் கூடாதுன்னுதான் நான் ஸ்வெட்டருக்குள்ள வெந்துக்கிட்டிருந்தேன்" என்றார். அவர்கள் ஊரில் வெயில் தாங்காமல் நடைப்பயிற்சியையே கடைகள் இருக்கிற பெரிய கட்டடத்துக்குள்தான் நடக்கிறார்களாம், துணிக்கடையில் ஆரம்பித்துச் செருப்புக்கடையில் திரும்புவார்களாம். "வெயிலுக்குப் பயந்துதான் மலைக்கு ஓடி வர்றோம், வரும்போது அந்த வெயிலையும் கார்லயே ஏத்திக்கிட்டு வந்துடறோம். வழியில வரிசையில நின்னப்ப நாங்களும்தான் இன்ஜின அணைக்காம ஏசி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். உங்க மேல மட்டும் தப்பு போட்டா எப்படி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, குல்லாயை முகத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டேன், அதற்காவது அது பயன்பட்டது. உன் மாமனார் மிதி வாங்கியதற்குப் பிறகு முதல் தடவையாக வாய் திறந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காத்து வரல" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் விடிகிற நேரத்தில் உன் மாமியார் வழக்கம்போல் நடக்கக் கிளம்பியிருக்கிறார், இனி எதற்கு வேஷம் என்று ஸ்வெட்டர் போடாமலே. கொஞ்ச நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து எங்கள் கதவைத் தட்டினார். என்னவோ ஏதோவென்று திறந்தால், "சம்பந்தி, அடிக்குது, அடிக்குது" என்கிறார். என்ன அடிக்கிறது என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினார், பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் வாசல் மரத்தடிக்கு ஓடினோம். நிஜமான குளிர், பழைய குளிர், காது மடலைப் பிடித்துக் கிள்ளுகிற குளிர். என் சால்வையை அவருக்குப் போர்த்திவிட்டு நான் நடுங்கிக்கொண்டு நின்றேன், இவ்வளவு ஆனந்தமாக நான் நடுங்கியதே இல்லை. ஒரு கால் மணி நேரம் இருந்திருக்கும். பிறகு வெயில் வந்தது, முதல் கார் வந்தது, ஏசிக்காரர் வீட்டு மெஷின்கள் மூச்சு விட ஆரம்பித்தன, குளிர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க சம்பந்தி" என்று உன் மாமியார் சொன்னார், கேலியாகச் சொல்லவில்லை.

அவருடைய குழு வரப்போகிறது. ஆளுக்கொரு காரில் இல்லை, ஒரே பஸ்ஸில், கூட்டமில்லாத மாதத்தில், பஸ்ஸை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தே ஏறி வருவார்களாம், வந்தால் ஒரு வாரம் இருப்பார்களாம். நான் சங்கத்துக்குப் போய் அன்றைக்குத் தூக்கிய கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன், அப்படியொரு விதியே கிடையாது என்றார்கள், விதி வருகிற வரைக்கும் போக மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மனு இப்போதைக்குக் கிடப்பில் இருக்கிறது, அம்மாவும் குத்திக்காட்டுவதை நிறுத்திவிட்டாள். எல்லா அறைக்கும் டேபிள் ஃபேன் வாங்கியாயிற்று. பிளக் பாயிண்ட் சரிபார்க்க அதே எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டேன், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திட்டியிருந்தால்கூடத் தேவலை. பலகையையும் மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன், "மின்விசிறி உண்டு, விடியற்காலையில் குளிரும் உண்டு" என்று. ஏசிக்காரர் அதைப் படித்துவிட்டு, விடியற்காலையில் மட்டும் மெஷின்களை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்க்கிறேன் என்றார், கரண்டுச் செலவு மிச்சம் என்பதுதான் அவருக்குக் காரணம், எதுவாக இருந்தாலும் சரி.

நீ விமானத்தில் வந்து வந்து போவதும் உலகம் சூடாவதற்கு ஒரு காரணம் என்று படித்துவிட்டு, இந்த வருஷம் வரலாமா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். அவள் அன்றைக்கு முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் பசியில்லை என்றாள். மகளே, நீ சொல்வது நிஜமாக இருக்கலாம், ஐஸ் கட்டி வாங்கியவன் அதற்கு எதிர்வாதம் செய்ய முடியாது. ஆனால் உன் மாமியார் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. நாலு நாள் லீவு கிடைத்தது என்று அடிக்கடி பறந்து வந்து, பெட்டியைப் பிரிக்காமலே திரும்பாதே. ஒரு தடவை வா, வந்தால் நிறைய நாள் இரு, நாலாம் நம்பர் அறை உங்களுக்குத்தான். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் அவர் பின்னால் வரட்டும். மீன் வாசனை அநேகமாகப் போய்விட்டது. பூனைகளில் ஒன்று மட்டும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது, குட்டிப்பயலுக்கு விளையாடத் துணையாக இருக்கும்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல், உளவு சொன்னதற்காக உன் மேல் எனக்குக் கோபமில்லை, நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். வரும்போது ஸ்வெட்டரை மறக்காதே என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பேன். இந்தத் தடவை ஸ்வெட்டர் வேண்டாம், வீண் சுமை என்று எழுதச் சொல்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். ஆனாலும் பயலுக்கு மட்டும் ஒன்று பெட்டி ஓரத்தில் வைத்துக்கொண்டு வா. இன்றைக்கு விடியற்காலையில் நானும் அம்மாவும் மரத்தடியில் நின்று வாயை ஊதிப் பார்த்தோம், எனக்கும் புகை வந்தது, அவளுக்கும் வந்தது. அது இருக்கும்போதே அவனை எழுப்பிக் காட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கையுறை போடாத கையால் எழுதும் உன் அப்பா